திரும்பி வந்த கடிதம்

வாழ்க்கையில் தவறிப்போன வழிகளைப் பேசும் சிறுகதைகள் தமிழில் பல உண்டு. அவற்றுள் சங்கத்து அன்பர்கள் அவசியம் படிக்க வேண்டியது அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ என்பேன். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, ஜெமினி ஸ்டூடியோவில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர்.

படக்கம்பெனியின் கதை இலாகாவுக்கு வேலை தேடி வருகிறான் ‘டகர் பாயிட்’ காதர். இப்போது ஒன்றுமில்லை என்கிறார்கள். புலித்தலையை மாட்டிக்கொண்டு ஆடிக் காட்டுகிறான். அறைக்குள் புலியே புகுந்துவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் எஞ்சுவது பசித்த மனிதனின் கண்ணீர். பின்னர் வாய்ப்பு வருகிறது. அவனுக்கு எழுதிய கடிதமோ திரும்பி வந்துவிடுகிறது.

இதில் கொடியவர் எவருமில்லை. இலாகாவைச் சேர்ந்த சர்மா இரக்கமுள்ளவரே. எனினும் வாய்ப்பும் மனிதனும் சந்திக்கவில்லை. ஆசிரியர் தாமாக ஒரு சொல்லும் இரங்கிப் பேசாததைக் குறையெனச் சிலர் கருதலாம். நான் அதையே நிறைவென்பேன். அவர் அழுதிருந்தால் நாமும் உடன் அழுது மறந்திருப்போம்.

இளமையில் எங்களூர்க் கூத்தில் வேஷம் கட்டியவன் நான். எனக்கு வந்த உத்தியோகக் கடிதம் தவறாமல் கைக்குக் கிட்டியது. சோறும் கிடைத்தது, ஆட்டம் போயிற்று. காதருக்குக் கடிதம் கிட்டவில்லை. இருவரில் வழி தவறியவர் யார்? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.