பேராசை பெருநட்டமா? இணைய மோசடிக் கட்டுரைகள் மீது ஒரு திறனாய்வு



‘சமூக ஊடக மோசடிகளும் அவற்றிலிருந்து தற்காத்துக்கொள்ளும் வழிகளும்’ என்ற தலைப்போ அதற்கு நெருக்கமான ஒன்றோ இப்போதெல்லாம் பயிற்சிகளில் அடிக்கடி வருகிறது. மாதிரிக் கட்டுரைகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். முன்னுரையில் ‘இன்றைய நவீன யுகத்தில்’ என்று தொடங்கும். முதல் கருத்து, பேராசை பெருநட்டம். இரண்டாவது, அந்நியர்களை நம்பக் கூடாது. மூன்றாவது, பிழையான மொழியில் வரும் தகவல்களைத் தவிர்க்க வேண்டும். முடிவுரையில் வருமுன் காப்போம். அவ்வளவுதான்.

மொழிநடையில் குறை சொல்ல முடியாது. பத்தி அமைப்பு சரி, இணைப்புச் சொற்கள் சரி, பழமொழியும் இடம்பெற்றுவிட்டது. புள்ளிகள் கிடைக்கும். கருத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. கட்டுரையில் வரும் மோசடி வேறு, நம் கைப்பேசிக்கு வரும் மோசடி வேறு.

பேராசை எங்கே இருக்கிறது?

மலேசியாவில் பலர் தங்கள் டெலிகிராம் கணக்கை எப்படி இழக்கிறார்கள்? பெரும்பாலும் மலாயில், சில நேரம் தமிழிலும், இப்படி ஒரு தகவல் வரும்:

“டீச்சர், என் அண்ணன் பொண்ணு ஓவியப் போட்டியில இருக்கா. இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு ஓட்டு போட்டு விடுங்களேன், பிளீஸ்.”

கூடவே ஓர் இணைப்பு. தொட்டால் வாக்களிப்புப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்று சொல்லி உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும் டெலிகிராமிலிருந்து ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதையும் அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் செய்யச் சொல்லும். செய்தால், உங்கள் கணக்கு இன்னொருவரின் கைப்பேசியிலும் திறந்துவிடும்.

புலனத்தில் கதை இன்னும் சுருக்கம். “மச்சான், ஆறு நம்பர் கோட் ஒண்ணு தப்பா உன் நம்பருக்கு வந்திருச்சு, கொஞ்சம் சொல்லேன்.” அந்த ஆறு இலக்கம் உங்கள் எண்ணை வேறொரு கைப்பேசியில் பதிவு செய்வதற்கான குறியீடு.

இதில் ஏமாந்தவர் எதற்கு ஆசைப்பட்டார்? பரிசுக்கா, பணத்துக்கா? ஒரு பிள்ளைக்கு ஓட்டுப் போட நினைத்தார். ஒரு நண்பருக்கு உதவ நினைத்தார். அவரிடம் போய் ‘பேராசை பெருநட்டம்’ என்று சொன்னால் அது பொருந்தாத பழமொழி மட்டுமல்ல, அநியாயமும்கூட. முதலீட்டு மோசடி பற்றிய கட்டுரையில் அந்தப் பழமொழிக்கு இடம் உண்டு. கணக்குப் பறிப்பில் இல்லை.

‘அந்நியரை நம்பாதே’ என்ற இரண்டாவது கருத்தும் இங்கே உதவாது. தகவல் அந்நியரிடமிருந்து வரவில்லை. உங்கள் சித்தியின் பெயரில், அவர் படத்தோடு, அவர் கணக்கிலிருந்தே வருகிறது. நேற்று அவர் கணக்கு போனது. இன்று அது உங்களைத் தேடி வந்திருக்கிறது. மாணவர்கள் இந்தக் கட்டுரைகளில் அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆவது குறளை எழுதுகிறார்கள். நல்ல தேர்வு. ஆனால், அதை ‘வேற்று ஆள் சொன்னால் நம்பாதே’ என்று விளக்குகிறார்கள். குறள் வேற்று ஆள் என்று பிரிக்கவே இல்லை. யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் உண்மையைப் பார் என்கிறது. அந்த ‘யார்’ என்பதற்குள் சித்தியும் அடக்கம்.

மூன்றாவது கருத்துக்கும் காலம் கடந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு இருக்கும் காலத்தில் மோசடிக்காரர் பிழையில்லாமல் எழுதுவார். உண்மையான மாமாவின் புலனத் தகவலில்தான் ஒற்றுப்பிழை அதிகம் இருக்கும்!

மோசடித் தகவலும் ஒரு பனுவல்தான்

தூண்டில் மோசடி என்று நாம் அழைக்கும் ஃபிஷிங், 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் எனும் இணையச் சேவையின் கணக்குகளைத் திருடியவர்களோடு பேர் பெற்ற சொல். அவர்கள் நிறுவன ஊழியர்போல் நடித்து, ‘உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள்’ என்று எழுதினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த வாக்கியம் பெரிதாக மாறவில்லை. மாறாத வாக்கியத்தை வகுப்பில் கற்பிக்கலாம். கருத்துணர்தல் பகுதியைப் படிப்பது போல இதையும் படிக்கலாம்.

ஒரு மாதிரி வாக்கியம்: ‘24 மணி நேரத்திற்குள் சரிபார்க்காவிடில் உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும்.’

இலக்கணக் கண்ணோடு பாருங்கள். ‘முடக்கப்படும்’ என்பது செயப்பாட்டு வினை. முடக்குவது யார்? சொல்லவில்லை. இதைச் செய்வினையாக மாற்றுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டால் உடனே எழுவாய் தேவைப்படும். ‘…… உங்கள் கணக்கை முடக்கும்.’ அந்தக் காலி இடத்தை நிரப்ப முடியாமல் தடுமாறும்போதுதான் பெயர் மறைக்கப்பட்டிருப்பது தெரியும். அடுத்து, காலக்கெடு. யோசிக்க விடாமல் செய்வதே அதன் வேலை. கடைசியாக, ‘சரிபார்க்காவிடில்’ என்ற நிபந்தனை. அச்சத்தையும் கட்டளையையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது.

இணைப்பையும் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். இணைய முகவரியில், தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்று முன்னால், ‘டாட் காம்’ அல்லது ‘டாட் மை’ போன்ற முடிவோடு ஒட்டி நிற்கும் பெயர்தான் வீட்டுக்காரர் பெயர். அதற்கும் முன்னால் உங்கள் வங்கியின் பெயர் இருந்தாலும் சரி, முகநூல் என்று இருந்தாலும் சரி, அது வாசலில் தொங்கவிட்ட பலகை மட்டுமே. எம்.சி.எம்.சி. உத்தரவால் 2023 முதல் குறுஞ்செய்திகளில் வரும் இணைப்புகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் படிப்படியாகத் தடுத்திருக்கின்றன. புலனத்திலும் டெலிகிராமிலும் அந்த வேலி இல்லை. அங்கே நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓவியப் போட்டி மோசடியில் நம் கைப்பேசியில் இரண்டு பனுவல்கள் இருக்கின்றன. ஒன்று, ‘குறியீட்டை இங்கே எழுதுங்கள்’ என்கிறது. மற்றொன்று, குறியீட்டோடு வந்த டெலிகிராமின் தகவல். அது இந்தக் குறியீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். அவசரத்தில் எண்ணை மட்டும் பார்க்கிறோம், அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தைப் படிப்பதில்லை.

கட்டுரை முடிகிற இடத்தில்தான் வேலை தொடங்குகிறது

மாதிரிக் கட்டுரைகளின் பெரிய குறை இதுதான். ஏமாந்தவர் ‘அனைத்தையும் இழந்து வருந்தினார்’ என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. பிறகு என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. கணக்கு மீட்பில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

டெலிகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக உள்ளே நுழைந்த கைப்பேசி, முதல் 24 மணி நேரத்திற்குப் பழைய கைப்பேசிகளை வெளியேற்ற முடியாது. பழைய கைப்பேசி வைத்திருப்பவர் புதியவரை உடனே வெளியேற்றலாம். அதாவது முதல் நாள் முழுக்கச் சாவி உங்கள் கையில் இருக்கிறது. செட்டிங்ஸில் டிவைசஸ் பகுதிக்குப் போய், ‘டெர்மினேட் ஆல் அதர் செஷன்ஸ்’ என்பதைத் தொட்டால் போதும். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்புக் கடவுச்சொல்லை அமைத்துவிட வேண்டும். அது இருந்தால் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நுழைய முடியாது.

புலனத்தில், உங்கள் எண்ணை உங்கள் கைப்பேசியிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை இட்டதுமே, உங்கள் எண்ணைப் பதிவு செய்திருந்த மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் ஒரு ரகசிய எண்ணை அமைத்து வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஏழு நாளும் அவராலும் பயன்படுத்த முடியாது. உள்ளே போனதும் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள்.

முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் கணக்குப் பறிபோனவர்களுக்கென்றே அதிகாரப்பூர்வ மீட்புப் பக்கங்கள் உண்டு. அவற்றின் முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து போங்கள். வந்த இணைப்பைத் தொட்டுப் போகாதீர்கள். எந்தக் கணக்கை மீட்டாலும் அதோடு இணைந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மின்னஞ்சல் அவர்கள் கையில் இருந்தால் மீட்டது மறுபடியும் போகும்.

‘கணக்கு போச்சு’ என்று பொதுவில் எழுதினால், ‘நான் மீட்டுத் தருகிறேன், இவரைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று சிலர் வருவார்கள். கட்டணமும் கேட்பார்கள். அது இரண்டாவது தூண்டில்.

பணமும் போயிருந்தால், உடனே வங்கியை அழைக்க வேண்டும். அல்லது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும். கெல்டாய் அக்கவுன் எனப்படும் இரவல் கணக்குகள் வழியே பணம் கை மாறி ஓடுவதற்குள் அதைத் தடுப்பதே அந்த மையத்தின் நோக்கம். காவல் துறையிலும் புகார் செய்ய வேண்டும்.

இப்போது பழமொழிக்குத் திரும்புவோம். பள்ளியில் பத்து ஆண்டுகளாக ‘ஏமாந்தவன் பேராசைக்காரன்’ என்று எழுதிப் பழகிய ஒருவர், தானே ஏமாறும்போது என்ன செய்வார்? வெளியே சொல்ல வெட்கப்படுவார். அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்று மாணவன் மறைப்பான். சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள் என்று ஆசிரியர் மறைப்பார். அந்த மௌனத்தில் 24 மணி நேரம் கரைந்துவிடும். அதற்குள் அவர் பெயரில் ஐம்பது பேருக்கு ‘அவசரமா 500 ரிங்கிட் வேணும்’ என்று தகவல் போயிருக்கும். கட்டுரையில் அழகுக்குச் சேர்த்த ஒரு பழமொழி, மோசடிக்காரருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

வகுப்பில் என்ன எழுத வைக்கலாம்?

நீண்ட கட்டுரையை விட்டுவிட வேண்டாம். அதோடு சின்னச் சின்ன எழுத்துப் பயிற்சிகளையும் சேர்க்கலாம். முதல் பயிற்சி, எச்சரிக்கைத் தகவல்:

“என் டெலிகிராம் கணக்கு இன்று காலை 10 மணி முதல் வேறொருவர் கையில் இருக்கிறது. அதிலிருந்து வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குறியீட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் உடனே மற்றச் சாதனங்களை நீக்குங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.”

இதில் மன்னிப்பு இல்லை. எப்படி ஏமாந்தேன் என்ற கதையும் இல்லை. யார், எப்போது, என்ன செய்யக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்பவை மட்டும் இருக்கின்றன. இருபத்தைந்து சொற்களுக்குள் இதைச் சுருக்கச் சொன்னால் கருத்துச் சுருக்கத்துக்கும் நல்ல பயிற்சி.

இரண்டாவது, செயப்பாட்டு வினையில் உள்ள ஐந்து மோசடி வாக்கியங்களைச் செய்வினைக்கு மாற்றி, எழுவாய் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, கணக்கை இழந்த தாத்தாவுக்கும் அவரைத் திட்டாமல் உதவும் பேத்திக்கும் இடையே உரையாடல் எழுதுவது. திட்டாமல் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். பழமொழியை விட்டால் புள்ளி குறையுமோ என்று பயப்படாதீர்கள். ‘ஆழம் அறியாமல் காலை இடாதே’ இந்தத் தலைப்புக்கு நன்றாகவே பொருந்தும். இணைப்பைத் தொடுமுன் படிக்கச் சொல்கிறது. யாரையும் பேராசைக்காரர் என்று சொல்லவில்லை. உங்கள் கட்டுரையில் மூன்றாவது கருத்தாக மீட்பு வழிகளை எழுதுங்கள். மேலே உள்ள பத்திகளை அப்படியே மனனம் செய்து எழுதாமல், உங்கள் கைப்பேசியில் டிவைசஸ் பகுதியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.