கோவில்பட்டிக் கடலைமிட்டாய்

கரிசல் பூமியின் நடுவே அமைந்த கோவில்பட்டியில், சாதாரண மளிகைக் கடையொன்றில் நுழைந்தாலும், பருப்பு மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் முன்பாக, கண்ணாடிப் பாட்டில்களில் கம்பீரமாக வீற்றிருந்து நம்மை வரவேற்பது அவ்வூர்க் கடலைமிட்டாயே ஆகும். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த நிலக்கடலை, வெல்லம் என்ற இரு எளிய வஸ்துக்களைக் கொண்டு இத்தனை ருசியைச் சிருஷ்டிப்பது கைப்பக்குவத்தின் விசேஷமேயன்றி வேறில்லை.

அந்தப் பக்குவத்தின் ரகசியம் பாகில் இருக்கிறது. கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டால், ‘ணங்’கென்று ஒலிக்க வேண்டும், ஒலி எழாவிட்டால் பாகு இளசு, மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும், பதம் தாண்டினாலோ வெல்லம் கருகிக் கசப்புத் தட்டும். பதம் கூடிய அந்தக் க்ஷணத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் பரப்பி, கட்டையால் உருட்டிச் சமனாக்கி, வில்லைகளாகக் கீறிவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் கத்தி இறங்காது.

2020-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயமான கௌரவமே. எனினும், பண்டத்தை ஜீவித்திருக்கச் செய்வது வாங்குவோரின் ஆதரவுதான். ஆகையால், அடுத்த முறை குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கும்போது, பளபளக்கும் காகித உறைகளைச் சற்று ஒதுக்கிவிட்டு, இதைக் கேட்டு வாங்குங்கள்.