பயணப்போட்டி நிகழ்ச்சிகள்: அதிர்ஷ்டமும் நியாயமும்

பயணப்போட்டி என்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்று சேர்வதையே போட்டியாக வைத்து எடுக்கப்படும் தொலைக்காட்சி நிகழ்ச்சி வகை. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘தி அமேசிங் ரேஸ்’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. பிபிசி 2019 முதல் ஒளிபரப்பிவரும் ‘ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்’ இதே வகையின் மெதுவான, சிக்கனமான வடிவம். 2025-ல் வெளிவந்த அதன் ஐந்தாம் சீசன் சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி நேபாளம் வழியாக இந்தியாவுக்குள் வந்து கன்னியாகுமரியில் முடிந்தது.

இந்நிகழ்ச்சிகள்மீது வைக்கப்படும் முதன்மையான விமர்சனம், வெற்றி திறமையால் அன்றி அதிர்ஷ்டத்தால் அமைகிறது என்பது. பின்தங்கியவர்கள் திடீரென்று மீண்டு வருவது நிகழ்ச்சியாளர்களின் ஏற்பாடு என்பது அதன் தொடர்ச்சி. இரண்டாவது குற்றச்சாட்டு பெருமளவு உண்மை. ஆனால் ஏற்பாடு என்பதாலேயே அது அநியாயம் ஆகிவிடாது. எந்த அணி பின்தங்கும் என்று தெரிவதற்கு முன்பே செய்யப்பட்ட ஏற்பாடா, தெரிந்த பின்பு செய்யப்பட்டதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அமைப்பு

அமேசிங் ரேஸில் இருவர் கொண்ட அணிகள் கலந்துகொள்கின்றன. உறையில் வரும் குறிப்பைப் படித்து, சொல்லப்பட்ட ஊருக்குச் சென்று, அங்குள்ள வேலையைச் செய்து, தங்குமிடத்தை அடையவேண்டும். பெரும்பாலான கட்டங்களில் கடைசியாக வரும் அணி வெளியேறும். சில கட்டங்களில் வெளியேற்றம் கிடையாது. அவை எவை என்று போட்டியாளர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. பரிசு 10 லட்சம் டாலர்.

பிபிசி நிகழ்ச்சியில் விமானம் கூடாது, கைபேசி கூடாது, வங்கி அட்டை கூடாது. அதே தூரத்தை விமானத்தில் கடக்க ஆகும் கட்டணத்துக்கு நிகரான பணம் மட்டும் கையில் தரப்படும். போதாவிட்டால் வழியில் வேலை செய்து சம்பாதிக்கலாம். பரிசு 20,000 பவுண்டு. கன்னியாகுமரியில் முடிந்த ஓட்டத்தின் நீளம் 14,000 கிலோமீட்டருக்கு மேல். தாயும் மகனுமான கரோலின், டாம் இணை அதில் வென்றது.

இரண்டிலும் ஒரு விதி பொது. ஒரு கட்டத்தை முடித்த அணி குறிப்பிட்ட நேரம் ஓய்வெடுத்துவிட்டு, தான் வந்து சேர்ந்த நேர இடைவெளியோடே மீண்டும் புறப்படும். இரண்டு மணிநேரம் முந்தி வந்தவர் இரண்டு மணிநேரம் முந்திக் கிளம்புவார். இந்த விதி மட்டும் இருந்தால் முன்னிலை தானாகக் குறையாது, கூடிக்கொண்டே போகவும் கூடும்.

ஒரு நாள் பின்தங்கியவர்கள்

அது எப்படி முடியும் என்பதை அமேசிங் ரேஸின் முதல் சீசனே காட்டியது. இறுதிக் கட்டத்துக்கு வந்த மூன்று அணிகளில் ஜோ, பில் இணை ஏறத்தாழ ஒரு நாள் பின்தங்கிவிட்டது. ராப், பிரென்னன் இருவரும் நியூயார்க்கில் வென்றபோது அவர்கள் இன்னும் அலாஸ்காவில்தான் இருந்தார்கள். போட்டி முடிந்துவிட்டது என்ற செய்தி அங்கே ஒரு குறிப்பு உறையில் அவர்களுக்கு வந்தது. தூய ஓட்டம் என்ற கணக்கில் அதில் தவறில்லை. ஆனால் மூவர் ஓடும் இறுதிச்சுற்றில் ஒருவர் களத்திலேயே இல்லை.

முன்னால் வந்தவரைப் பின்னால் வருபவருக்காக நிறுத்திவைக்கும் முறை இந்நிகழ்ச்சியின் நிலையான உத்தி. காலையில்தான் திறக்கும் அருங்காட்சியகம், விடிந்தபின்தான் கிளம்பும் படகு, நாளுக்கு ஒன்றே உள்ள விமானம் என்று அது வரும். இரவெல்லாம் ஓடி வந்த அணி பூட்டிய கதவின் முன் படுத்திருக்கும். ஐந்து மணிநேரம் தாமதமாக வந்த அணி அதன் அருகிலேயே வந்து படுத்துக்கொள்ளும். கதவு திறக்கும்போது இருவரும் சமம். முதலில் வந்தவரின் உழைப்பு இங்கே வீணாகிறது என்ற விமர்சனம் சரியானதே. ஆயினும் அந்தக் கதவு யாரையும் பார்த்துத் திறப்பதில்லை. இந்தக் கட்டத்தில் முன்னால் இருந்து நஷ்டப்பட்டவர் அடுத்த கட்டத்தில் பின்னால் இருந்து அதே கதவால் பிழைக்கலாம்.

பரமபதத்துக்கும் தாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பரமபதத்தில் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. விழுந்த எண்ணுக்கு ஏணியோ பாம்போ வரும். தாயத்தில் எண் விழுவது அதிர்ஷ்டம்தான், ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்பது ஆடுபவரின் முடிவு. வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். ஒரு வெட்டாவது வெட்டாமல் பழம் ஏற முடியாது என்று பல ஊர்களில் விதி உண்டு. முன்னால் போய்க்கொண்டே இருப்பவரையும் சற்று நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. அந்த விதியை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

2012-ல் வந்த 21-ஆம் சீசன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆட்டுப்பண்ணை நடத்திவந்த ஜாஷ், பிரென்ட் இணை இறுதிக் கட்டம் வரை ஒரு கட்டத்திலும் முதலில் வரவில்லை. பலமுறை வெளியேறும் விளிம்பில் இருந்து தப்பியது. ஆனால் கடைசி நாளில் நியூயார்க்கில், பயணம் செய்த நாடுகளின் வணக்கச் சொற்களை நினைவிலிருந்து பொருத்தும் வேலையை முதலில் முடித்து வென்றுவிட்டது. அதே சீசனில் மாஸ்கோவில் ஜேம்ஸ், அப்பா என்ற இணையின் உடைமைகளும் ஒரு கடவுச்சீட்டும் வாடகைக் காரோடு போய்விட்டன. கடவுச்சீட்டு இல்லாமல் அடுத்த நாட்டுக்குப் போக முடியாமல் அவர்கள் வெளியேறினார்கள். முதலாவது தாயம், இரண்டாவது பரமபதம். இரண்டாவதைப் பார்க்கும்போது வரும் வருத்தத்துக்கு எந்த விதியும் ஆறுதல் சொல்ல முடியாது.

மூடிய கதவு திறந்த கதை

ஏழாம் சீசனின் முடிவு (2005) இன்றும் விவாதிக்கப்படுவது. உச்சென்னா, ஜாய்ஸ் தம்பதி வெளியேற்றமில்லாத ஒரு கட்டத்தில் கடைசியாக வந்து, அன்றைய விதிப்படி கையிலிருந்த பணத்தை எல்லாம் இழந்தார்கள். இறுதிக் கட்டத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மயாமி செல்லும் விமானத்தில் ராப், ஆம்பர் இணை ஏறி அமர்ந்துவிட்டது. கதவு மூடப்பட்ட பின்னர் வந்து கெஞ்சிய உச்சென்னா தம்பதிக்காக அது மீண்டும் திறக்கப்பட்டது. மயாமியில் வாடகைக் காருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், முடிவுக்கோட்டுக்கு அருகே வந்தபின்னும் தெருவில் நின்று பிறரிடம் கேட்டு வாங்கிக் கட்டணத்தைத் தீர்த்துவிட்டே ஓடிச்சென்று வென்றார்கள்.

ராப் அதே சீசனில் விதிகளைக் கருவியாக்கிக்கொண்டவர். அர்ஜென்டினாவில் நான்கு பவுண்டு இறைச்சியைத் தின்னும் வேலையைத் தன்னால் முடிக்க இயலாது என்று தெரிந்ததும் நான்கு மணிநேர அபராதத்தை ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல், இன்னும் இரண்டு அணிகளையும் பேசி விலகவைத்தார். மூவரும் அபராதம் பெற்றால் அபராதமே இல்லாதது போலத்தான். இதை அழுகுணி ஆட்டம் என்றவர்கள் உண்டு. உண்மையில் அது அந்தச் சீசனின் மிகத் தூய தாய ஆட்டம். விமானக் கதவு அப்படிப்பட்டதல்ல. அங்கே முடிவு எடுத்தது விதியல்ல, ஒரு மனிதரின் மனம். பார்வையாளர்களுக்குப் பிடித்த இணைக்குச் சாதகமாக அது நடந்தது என்பதால் அதன் மீதான கேள்வி இல்லாமல் போவதில்லை. எதிர்த்திசையில், ராப் இணைக்காக அது திறந்திருந்தால் எத்தனை பேர் அதை அழகான திருப்பம் என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதே சீசன் இந்தியாவுக்கு வந்தபோது ஜாய்ஸ் தலைமுடியை மழித்துக்கொண்டு மற்ற வேலைகளைத் தாண்டிச் செல்லும் உரிமையைப் பெற்றார். அமெரிக்கப் பார்வையாளருக்கு அது பெரிய தியாகமாகக் காட்டப்பட்டது. மொட்டை போடுவதை வேண்டுதலாகப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பார்வையாளருக்கு அதில் வியப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

சென்னையில் கோலம்

பத்தாம் சீசன் (2006) சென்னைக்கு வந்தது. முதலைப் பண்ணையில் முதலையைக் கட்டித் தூக்கிச் செல்வது, அல்லது வண்ண அரிசிமாவில் கோலம் போடுவது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எந்தப் போட்டியாளருக்கும் கோலம் தெரியாது என்பதே அந்த வேலை நியாயமானதாக இருப்பதற்குக் காரணம். அறியாமையில் எல்லோரும் சமம். இவ்வகை நிகழ்ச்சிகள் ஓர் ஊரின் அன்றாடத் திறமையை எடுத்து, அது தெரியாதவர்களுக்குச் சோதனையாக வைப்பதன் வழியாகத்தான் சமத்துவத்தை உண்டாக்குகின்றன. அதற்குக் கொடுக்கும் விலை, திறமை உள்ளவர்கள் படத்தின் ஓரத்தில் நின்று சிரிப்பவர்களாக ஆகிவிடுவது.

கால அட்டவணை என்ற நடுவர்

பிபிசி நிகழ்ச்சியில் பூட்டிவைத்த கதவுகள் கிட்டத்தட்ட இல்லை. அங்கே சமன்செய்யும் வேலையைப் பேருந்து, ரயில் நேரங்களே பார்த்துக்கொள்கின்றன. மாலையில் நிலையத்துக்கு வந்த அணியும் நள்ளிரவில் வந்த அணியும் அதே விடியற்காலை வண்டியில்தான் ஏறவேண்டும்.

இது தமிழ்நாட்டின் உள்ளூர்களில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். சின்னசேலம் சேலம்–விருத்தாசலம் ஒற்றை ரயில்பாதையில் உள்ள ஊர். கள்ளக்குறிச்சிக்காரர்களும் நெடுங்காலமாக ரயிலேற இங்கேதான் வந்தார்கள். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் கிராசிங்கில் காத்திருக்கும் நேரத்தில், வண்டியைத் தவறவிட்டோம் என்று நினைத்தவர்கூட ஆட்டோ பிடித்து அடுத்த நிலையத்தில் ஏறிவிடுவதுண்டு. நெடுஞ்சாலைப் பேருந்துகளில் முந்திப் போன தனியார் பஸ் ரயில்வே கேட்டில் நிற்க, பின்னால் வந்த பஸ் அதன் வாலிலேயே வந்து சேர்ந்துகொள்ளும். கேட் கீப்பர் யாரையும் பார்த்துக் கேட்டைப் போடுவதில்லை.

ஆனால் கல்வராயன் மலைக்குச் செல்பவரின் நிலை வேறு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளம். கடைசிப் பேருந்தும் போய்விட்டால் அன்று மலையில் வீடு கிடையாது. அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், மாற்றுவழி வைத்திருப்பவருக்கு அது ஒரு சிறு தாமதம், இல்லாதவருக்கு ஒரு நாள் கூலி.

பிபிசி நிகழ்ச்சியின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பணம் தீர்ந்த நிலையில் அணிகள் பலமுறை முன்பின் தெரியாதவர்களின் உதவியால் மீண்டு வருகின்றன. ஒருவர் காரில் ஏற்றிக்கொள்கிறார், ஒருவர் வீட்டில் தங்கவைக்கிறார், ஒருவர் வேலை தருகிறார். நிகழ்ச்சியின் மிக நெகிழ்ச்சியான தருணங்கள் இவைதான், அவை பொய்யானவையும் அல்ல. எனினும் உதவி கேட்பவர் வெளிநாட்டவர், உடன் ஒரு கேமரா இருக்கிறது. அதே சாலையில் மூட்டையுடன் நின்று கைகாட்டும் உள்ளூர்க்காரருக்கு அந்தக் கார் நிற்குமா என்ற கேள்வியை நிகழ்ச்சி கேட்பதில்லை. அணிகளுக்கு இடையிலான நியாயத்தை அது கவனமாகப் பேணுகிறது. அணிகளுக்கும் அவர்கள் கடந்துசெல்லும் மக்களுக்கும் இடையில் உள்ளதை ‘மனிதர்களின் அன்பு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

தமிழ்த் தொலைக்காட்சியில்

தமிழில் இதற்கு நெருங்கிய முயற்சி ஜீ தமிழில் 2021 செப்டம்பர் 12 முதல் ஒளிபரப்பான ‘சர்வைவர்’. நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்கினார், சான்சிபாரில் படமாக்கப்பட்டது. காடர்கள், வேடர்கள் என்று இரு அணிகள். வாக்களித்து வெளியேற்றப்பட்டவர் ‘மூன்றாம் உலகம்’ என்ற தனித்தீவுக்குச் சென்று, அங்கே போட்டியிட்டுத் திரும்பி வரும் வாய்ப்புப் பெற்றார். மீண்டு வருவதற்கான வழி வெளிப்படையாக வைக்கப்பட்டது, திரும்பிவருபவர் ஒரு சவாலை வென்றே வந்தார் என்பது இதன் சிறப்பு. தமிழ் ரியாலிட்டி ஷோக்களில் வழக்கமான ‘வைல்டு கார்டு’ அப்படிப்பட்டதல்ல. ஆட்டத்தின் நடுவே, யார் நிலைத்தார்கள், யார் போனார்கள், எது பார்க்கப்படுகிறது என்று தெரிந்தபின் சேனல் ஒருவரை உள்ளே அனுப்புகிறது. அதில் நுழைபவர் எவ்வளவு திறமையாளராக இருந்தாலும், அவருடைய வெற்றியின்மீது சந்தேகம் படிந்தே இருக்கும். அவருக்கே இது பெரிய அநீதி.

கையொப்பப் புத்தகம்

பிபிசி நிகழ்ச்சியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒரு பதிவேடு இருக்கும். வந்து சேர்ந்த அணி அதைத் திறந்து தன் பெயரை எழுதவேண்டும். கைபேசி இல்லாததால் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. திடீர் திருப்பங்களுக்கு இசையும் மெதுவான காட்சியும் சேர்க்கும் தொலைக்காட்சியில், இந்த ஒரு தருணத்துக்கு மட்டும் அவை எதுவும் தேவைப்படுவதில்லை. இரண்டாம் சீசனில் (2020) மெக்சிகோ நகரிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா வரை ஏறத்தாழ இரண்டு மாதம் தரைவழியே பயணம் செய்து, எமோன், ஜமியுல் என்ற சித்தப்பா–மகன் உறவுமுறை இணை வென்றது. அடுத்து வந்த இணை அந்தப் புத்தகத்தை அடைந்தது 20 விநாடி கழித்து. வழியில் எங்கோ ஓர் ஊரில் ஒரு பேருந்துக்கு டிக்கெட் எடுக்க நின்ற வரிசையில் அந்த 20 விநாடி போயிருக்கலாம்.