கலைந்த வீடும் கலங்கிய மனமும்: ஒரு மதிப்பீடு

"அறை கலைந்து கிடப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்? அது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி ஆயிற்றே!" என் மாணவர் ஒருவர் விடுதிக் காப்பாளரிடம் சொன்ன சமாதானம் இது. வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு யோசித்தபோது சற்று வெட்கமாக இருந்தது. அந்த உதாரணத்தை வகுப்பில் சொன்னவனே நான்தான்!

வீடு ஒழுங்காக இருந்தால் மனமும் ஒழுங்காக இருக்கும் என்ற கருத்து இன்று பல நூல்களிலும் பத்திரிகைகளிலும் விஞ்ஞான உண்மைபோலவே எழுதப்படுகிறது. அதில் எவ்வளவு விஞ்ஞானம், எவ்வளவு நம்பிக்கை என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. வாருங்கள், பார்ப்போம்.

ஒரு புகழ்பெற்ற நூல்

இவ்வகை நூல்களில் மிகவும் பேசப்பட்டது ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ எழுதியது. 2011-இல் ஜப்பானிய மொழியிலும், 2014-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து, பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. அவருடைய முறை எளிது. அறை அறையாக ஒழுங்கு செய்யாதீர்கள். பொருள் வகை வகையாகச் செய்யுங்கள். துணிகள் அனைத்தையும் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, 'இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா?' என்று கேளுங்கள். தராவிட்டால் விடைகொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு நல்ல கருத்து உண்டு. நம்மிடம் எத்தனை சட்டைகள் உள்ளன என்பது, அவை நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும்வரை நமக்கே தெரியாது. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய் என்கிற இந்தப் பகுதியை எந்தப் பௌதிக ஆசிரியரும் பாராட்டுவார்.

ஆனால் வீட்டை ஒழுங்கு செய்தால் வாழ்க்கையே மாறும் என்று நூல் சொல்லும்போது நாம் நிதானிக்க வேண்டும். இதற்குச் சான்று அவரிடம் பயின்றவர்களின் அனுபவமே. அவர்களில் ஒருவர்கூடப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்கிறார். அவர்களோ, வாழ்க்கையை மாற்றவேண்டும் என்ற உறுதியுடன் பணம் கொடுத்து வந்தவர்கள். ஒழுங்கு செய்யாத மற்றொரு குழுவை ஒப்பிட்டுப் பார்க்காமல், மாற்றத்துக்குக் காரணம் அலமாரியா, அவர்களுடைய உறுதியா என்று எப்படிச் சொல்வது? எறிந்த பொருளைத் தேவைப்பட்டால் மறுபடி வாங்கக் கூடியவருக்கு எறிவது எளிது என்பதையும் நூல் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகு, தம் வீட்டை எப்போதும் ஒழுங்காக வைத்திருக்கும் முயற்சியை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023-இல் அவரே சொன்னார். இது அவருக்கு இழுக்கன்று, நேர்மை. ஆனால் நூலின் வாக்குறுதியைவிட வாழ்க்கை பெரிது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாம் விதி குற்றவாளியா?

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு என்று பாடநூல்கள் சொல்கின்றன. எனவே அறை கலைவதும் என்ட்ரோபிதான் என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பலகையில் 100 புத்தகங்களை எத்தனை விதமாக அடுக்கலாம்? விடை 158 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதன் இயல் மடக்கை ஏறக்குறைய 364. இதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால், அதாவது 1.38 × 10⁻²³ ஜூல்/கெல்வினால், பெருக்குங்கள். சுமார் 5 × 10⁻²¹ ஜூல்/கெல்வின் கிடைக்கும். புத்தகங்களின் வரிசையைக் கலைப்பதால் கூடும் என்ட்ரோபி இவ்வளவுதான்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை ஏற்கிறது. அதை 273 கெல்வினால் வகுத்தால் 1.2 ஜூல்/கெல்வின். இது புத்தகக் கணக்கைப்போல் சுமார் 24 லட்சம் கோடி கோடி மடங்கு! புத்தகங்களை அடுக்குபவரின் உடல் வெளியிடும் வெப்பத்தின் முன்னால் அவருடைய ஒழுங்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்றும் உண்டு. மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் அசைகின்றன. புத்தகங்கள் அப்படி அசைவதில்லை. அறையை ஓராண்டு பூட்டி வைத்தால் தூசி படியும். ஆனால் அலமாரியில் இருந்த புத்தகம் கட்டிலுக்கு வந்துவிடாது. கலைப்பவர்கள் நாம், இரண்டாம் விதி அன்று. மனத்தைப் பற்றியோ அந்த விதி ஒன்றுமே சொல்லவில்லை.

அளந்தவர்கள் கண்டது

பௌதிகத்தை விட்டுவிட்டு, மனிதர்களையே ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேட்போம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இருவர் நடத்திய ஆராய்ச்சி 2010-இல் வெளியாயிற்று. இருவருமே வேலைக்குச் செல்லும் கணவன் மனைவியராக 60 பேர் அதில் பங்குகொண்டனர். ஒவ்வொருவரும் வீடியோ காமிராவுடன் தம் வீட்டைச் சுற்றிவந்து அதை வருணித்தார்கள். அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அளக்கப்பட்டது. இது காலையில் மிகுந்திருந்து இரவுக்குள் நன்கு குறைவது இயல்பு. வீட்டைக் குப்பை, முடியாத வேலை என்பன போன்ற சொற்களால் வருணித்த மனைவியரிடம் இந்த இறக்கம் குறைவாக இருந்தது. பொழுது செல்லச் செல்ல அவர்களுடைய மனச்சோர்வும் கூடியது.

நல்ல ஆராய்ச்சி இது. ஆனால் இதை எடுத்தாளும் கட்டுரைகள் மூன்று விஷயங்களை மறைத்துவிடுகின்றன. முதலாவது, ஆராய்ச்சியாளர்கள் எண்ணியது சொற்களை, பொருள்களை அன்று. இரண்டாவது, தொடர்பு வேறு, காரணம் வேறு. சோர்ந்த மனம் வீட்டைக் கலைந்ததாகக் காணலாம். சோர்வினாலேயே வீடு கலைந்தும் கிடக்கலாம். மூன்றாவதே மிக முக்கியம்: மனைவியரிடம் கண்ட இத்தொடர்பு கணவரிடம் அவ்வாறு காணப்படவில்லை. ஒரே வீடு, அதே பொருள்கள்! அப்படியானால் வருத்துவது பொருளா, அல்லது 'இதை எடுத்துவைக்க வேண்டியவள் நான்தான்' என்ற எண்ணமா? பின்னது என்றே எனக்குப் படுகிறது. அது சரியானால், 'வீட்டை ஒழுங்காக வை, மனம் தெளியும்' என்று பெண்களுக்குச் சொல்வது, சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். உங்கள் வீட்டில் இரவு கடைசியாகப் பாத்திரத்தை எடுத்துவைப்பவர் யார் என்று பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் வோஸ் குழுவினர் சிலரை ஒழுங்கான அறையிலும் சிலரைக் கலைந்த அறையிலும் உட்காரவைத்தனர். ஒழுங்கான அறையிலிருந்தவர்கள் அதிகம் நன்கொடை தந்தார்கள். மிட்டாயைவிட ஆப்பிளை விரும்பினார்கள். ஆனால் புதுமையான யோசனைகள் கலைந்த அறையிலிருந்தே மிகுதியாக வந்தன. ஒழுங்குதான் எல்லா நன்மைக்கும் மூலம் என்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆயினும் சிறிது நேரம் நடந்த சோதனையை வாழ்நாளுக்குப் பொருத்துவதும் தவறே.

ஒரு பாடம்

2011 ஏப்ரலில் 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற இதழில் நெதர்லாந்து உளவியலாளர் டீடெரிக் ஸ்டாபல் மற்றொருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குப்பை சேர்ந்த ஊட்ரெக்ட் ரயில் நிலையத்தில், மக்களின் இனபேத உணர்வு கூடியது என்றது அது. உலகெங்கும் செய்தியாயிற்று. ஆனால் ஸ்டாபல் பல ஆராய்ச்சிகளில் புள்ளிவிவரங்களைத் தாமே புனைந்தவர் என்பது அவ்வாண்டே வெளிப்பட்டது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை ஒருவர் 'நிரூபித்து'விட்டால், சரிபார்க்க மறந்துவிடுகிறோம். கவனமாக இருக்க வேண்டிய நேரமே அதுதான்.

ஆகவே வீட்டுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது இருவழிப் பாதை. எதையும் எறிய முடியாமல் சேர்த்துவைத்துத் துன்புறுவது தனியொரு மனநோயாக 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்றது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவ உதவி, ஏச்சு அன்று.

மற்ற நமக்கு ஒரு சோதனை. 20 நாள்கள், மாலையில் படிக்க உட்காருமுன் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் மேசையை ஒழுங்கு செய்துவிட்டுப் படியுங்கள். பூ விழுந்தால் அப்படியே படியுங்கள். ஒரு மணியில் எத்தனை கணக்குகள் செய்தீர்கள் என்று குறித்துவாருங்கள். இதில் குறைகள் உண்டு. அவை யாவை என்று கண்டுபிடிப்பதும் பயிற்சியே.

என் பழைய உதாரணத்தை வகுப்பில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "அப்படியானால் அறையை நான்தான் சுத்தம் செய்ய வேண்டுமா?" என்றார் அந்த மாணவர். "ஆம், உங்கள் அறையை நீங்கள்தான்" என்றேன்.