பெரிய பகா எண்ணை ரசிப்பது எப்படி?

பெரிய பகா எண் ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்தால், எத்தனை இலக்கம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். வாயைப் பிளக்கலாம், ரசிக்க முடியாது. பழகிப்பார்க்கக் கைக்கு அடக்கமான ஒன்று போதும்: 214,74,83,647.

இரும எண்ணாக எழுதுங்கள்

31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது இந்த எண். கணினியின் இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. இந்த ரகப் பகா எண்களுக்கு மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர்.

எங்கே உடையும் என்று தேடுங்கள்

15 ஒன்றுகளை எழுதி மூன்று மூன்றாகக் கூறு போடுங்கள். ஒவ்வொரு கூறும் 111, அதாவது 7. ஆகவே அந்த எண், 32,767, ஏழால் மீதியின்றி வகுபடும். 31 ஒன்றுகளை இப்படிச் சமமாகப் பிரிக்க வழியில்லை. 31 தானே பகா எண். ஆனால் அது மட்டும் போதாது. 11-ம் பகா எண்தான். 11 ஒன்றுகள் சேர்ந்த 2,047-ஓ 23 × 89 என்று உடைந்துவிடுகிறது.

சல்லடையைக் கவனியுங்கள்

அந்த 23, 89 இரண்டையும் 22-ஆல் வகுங்கள். மீதி 1. பதினொன்றின் இருமடங்கு 22. இது தற்செயல் இல்லை, விதி. அதேபோல, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே.

நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 4,700-க்கும் மேல். எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது யாரால் ஆகும்? இரண்டு விதிகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருபவை மட்டும் மிஞ்சும். அவற்றில் பகா எண்கள் நூறுகூட இல்லை. 1772-ல், பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்த கணித மேதை ஆய்லர், இந்த வழியில்தான் இது பகா எண் என்று நிறுவினார். இந்த எண்ணில் ருசியான இடம் இதுதான்.

பயனைத் தனியே வையுங்கள்

நம் எண்ணிலிருந்து ஒரு 19 இலக்க எண் பிறக்கிறது. 6 = 1 + 2 + 3 போல, தன்னைவிடச் சிறிய காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண் அது. பயனற்ற இந்த ரகத்தில் அதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை என்று 1811-ல் எழுதினார் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ. தேடல் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

32 பிட்டில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கி நொடிகளை எண்ணும் பழைய கணினிக் கடிகாரங்களுக்கு நம் எண்தான் உச்சவரம்பு. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அவை அதைத் தொடும். அங்கே பகா எண் என்பதற்கு வேலையே இல்லை. 31 ஒன்றுகள் என்பதுதான் விஷயம்.

நீங்களே ஒன்றைச் சோதியுங்கள்

23 ஒன்றுகள்: 83,88,607. இதன் காரணிகளை 46-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 47-இல் தொடங்குங்கள். அதிக நேரம் ஆகாது.