முதல் பிரதியும் நூறாவது பிரதியும்

மலாக்காவில் தமிழ் நூல் வெளியீடு ஒன்றுக்குப் போனால், நூலாசிரியரின் கைகளைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம் அல்லது தமிழ்ப்பள்ளி மண்டபம். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, ஆய்வுரை எல்லாம் முடிந்தபின் பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். பொன்னாடை, படம், கைதட்டல். பிறகு ஒவ்வொரு பெயராக அறிவிக்க, ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று பல ஊர்க்காரர்களும் கையில் உறையோடு மேடையேறுவார்கள். உறைக்குள் நூலின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கை தேர்ந்த நூலாசிரியர் உறையைப் பார்க்க மாட்டார், ஆளைப் பார்ப்பார். "அண்ணே, மூணாவது கதைய மொதல்ல படிங்க, நீங்க இருந்த மாதிரி லயம்தான்" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டி, இரு கையாலும் கொடுப்பார். வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடுவார். அந்த ஒரு வரிக்கு ஈடான விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை. அதைச் சொல்ல, எதிரில் நிற்பவரின் வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும், தன் புத்தகத்தின்மேல் நம்பிக்கையும் இருக்க வேண்டும்.

எழுதுகிறவர் பலருக்கு விற்பது என்றாலே கூச்சம். நம் முன்னோர் அப்படிக் கூசவில்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க, முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் சேர்த்தார். பாரதி 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதி அச்சிட நினைத்து, அன்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றுக்கடிதம் எழுதினார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! திட்டம் கைகூடவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். ஆனால் வறுமையிலும் தன் நூல் வீடுதோறும் இருக்க வேண்டியது என்று நம்பிய அந்த மனம் இருக்கிறதே, எழுத்தாளன் கற்க வேண்டியது அதைத்தான்.

மலாக்காவில் அந்த மனத்துக்கு வேலை அதிகம். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது இந்த மண்ணில்: 1896இல், புக்கிட் லிந்தாங்கில், தான் சாய் யான். ரப்பரோடு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் பெருகின, லயங்களை ஒட்டிக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வந்தன. தோட்டங்களைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தொடங்கியபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுகிறவர்களிடமே மாதம் 10 வெள்ளி கேட்டார். நேரில் வந்து காரணம் சொன்னவரை நம்பிக் கொடுத்தார்கள். இன்று தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் வெளியூர்களுக்கும் போய்விட்டன. வாசகர் இல்லாமல் போகவில்லை, சிதறியிருக்கிறார்.

அதனால் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் போகத் தெரிந்தவரே இங்கே வெல்கிறார். வாட்சப்பில் அட்டைப்படம் அனுப்பினால் வாழ்த்து வந்து குவியும். நேரில் போய் "ஐயா, நீங்க கட்டாயம் வரணும்" என்று சொன்னால்தான் ஆள் வரும்.

வந்து வாங்கியவரிடம் சில மாதம் கழித்து "படிச்சீங்களா?" என்று கேட்பது அதைவிட உயர்ந்த கலை. குறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் திடம் அதற்கு வேண்டும். படித்தவர் இன்னொருவருக்குச் சொல்வார், அவர் வேறொருவருக்குச் சொல்வார். முதல் பிரதி மரியாதைக்கு விற்கும். நூறாவது பிரதி, எழுதியவர் முகத்தையே பார்த்திராத ஒருவர் கேட்டு வாங்குவது. முதல் நூலுக்குப் பிரமுகரைத் தேடி அலையும் உழைப்பில் பாதியை, அந்த முகம் தெரியாதவரைத் தேடுவதிலும் செலவிடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறைக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்தே தொடங்கலாம்.