யூதா பாட வேண்டிய இடம்

ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்போது 20 வயது நிறையவில்லை. பாடல் எழுதிய டிம் ரைஸுக்கு 23. லண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருந்த கோலெட் கோர்ட் பள்ளியின் இசை ஆசிரியர், பையன்கள் சேர்ந்து பாடுவதற்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். 1968 மார்ச் 1ஆம் தேதி பெற்றோர்கள் முன்னால் அது அரங்கேறியபோது சுமார் 20 நிமிட நீளம்தான். நம்மூர்க் கணக்கில் ஒரு ஆண்டுவிழா ஐட்டம். மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் மறுபடி பாடினார்கள். மகன் பாடுவதைக் கேட்க வந்திருந்த அப்பாக்களில் ஒருவர் டெரக் ஜூவல், சண்டே டைம்ஸின் இசை விமர்சகர். அவர் பாராட்டி எழுதினார். பிறகு இசைத்தட்டு, 1982இல் பிராட்வே, 1991இல் ஜேசன் டோனவன் நடிக்க லண்டன் பல்லேடியம் என்று போய்க்கொண்டே இருந்தது. ‘ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்’ இன்று இடைவேளையோடு முழு மாலையையும் எடுத்துக்கொள்கிற குடும்ப நாடகம்.

20 நிமிடம் எப்படி இவ்வளவு நீண்டது என்பதில்தான் இந்த நாடகத்தின் குணம் இருக்கிறது. கதை நீளவில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், கோர் கோடை யாரும் தொடவில்லை. பிளகின் மேல் பிளகினாகப் போட்டுக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பிளகினும் ஒரு இசைப் பாணி. பார்வோன் எல்விஸ் பிரெஸ்லியாக இடுப்பை ஆட்டுகிறான். பஞ்சத்தில் அடிபட்ட அண்ணன்கள் பாரிஸ் கஃபே பாடகர்கள் மாதிரி பழைய நாட்களை நினைத்து உருகுகிறார்கள். போத்திபார் காட்சிக்கு 1920களின் ஜாஸ் வாசனை. இப்போதைய மேடையேற்றங்களில் கடைசியில் எல்லாவற்றையும் கலந்துகட்டி ஒரு மெகாமிக்ஸ் வேறு.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 1999இல் வந்த படப்பதிவை. டானி ஆஸ்மண்ட் யோசேப்பு, ரிச்சர்ட் அட்டன்பரோ யாக்கோபு. ‘காந்தி’ எடுத்தவர் தாடி வைத்துக்கொண்டு கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே ஒரு தனி சந்தோஷம்.

இந்தப் பாணிக் கலவையைப் பலரும் சும்மா ஜாலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆதியாகமத்தில் யோசேப்பின் கதையே உடைகளின் கதைதான். அப்பா கொடுத்த அங்கியை அண்ணன்கள் உரிக்கிறார்கள், ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடமே காட்டுகிறார்கள். போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்த வஸ்திரம் பொய்ச்சாட்சி ஆகிறது. பார்வோன் சிறையிலிருந்து வந்தவனுக்கு மெல்லிய வஸ்திரம் உடுத்துகிறான்; அந்த உடைக்குள் இருப்பது தம்பி என்று பிறகு அண்ணன்களுக்கே தெரியவில்லை. இதற்கும் முன்னால், இந்த யாக்கோபு இளவயதில் அண்ணனின் உடையை மாட்டிக்கொண்டு, கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு, கண் தெரியாத அப்பாவை ஏமாற்றியவன். ஆட்டையும் துணியையும் வைத்து அப்பனை ஏமாற்றுவது அந்த வீட்டுக்கு ஒன்றும் புதிதில்லை.

சரி, அந்த அங்கியின் நிறம் என்ன? தமிழ் வேதாகமம் ‘பலவருண அங்கி’ என்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொற்றொடருக்கு உறுதியான பொருள் கிடையாது. கை நீண்ட அங்கியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. வண்ணம் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாகப் பரவியது. டிம் ரைஸ் அதன் மேல் ‘டெக்னிகலர்’ என்று ஒரு சினிமா கம்பெனியின் பிராண்டையே ஒட்டிவிட்டார். பிள்ளைகள் கோரஸாக நிறங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிற பாட்டு மேடையில் இன்றும் எடுபடுகிறது.

ஆக, ஒரு உடைக் கதைக்கு ஒவ்வொருவரும் இரவல் குரலை உடுத்திக்கொண்டு வருவது பொருத்தமான வடிவம். அது மிக நன்றாக வேலை செய்கிற இடம், அண்ணன்கள் ரத்தம் தோய்ந்த அங்கியோடு அப்பாவிடம் வருகிற காட்சி. தம்பி செத்துவிட்டான் என்று அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கரகரத்த சோகத்தில் பாடுகிறார்கள். அப்பா நகர்ந்ததும் அதே பாட்டு குத்தாட்டமாகிவிடுகிறது. சோகம் என்பது கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற சட்டை என்று அந்த ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறார்கள். பொய் சொல்பவனுக்கு இரவல் குரல்தானே சரி? இதற்கு எதிர்முனையில் யோசேப்பு சிறையில் தனியாகப் பாடும் பாட்டு. அங்கே எந்தப் பாணியின் நக்கலும் இல்லை. நாடகத்தில் ஒரு மனிதன் வேஷமில்லாமல் நிற்கும் ஒரே இடம் அது.

அப்படி நிற்க வேண்டிய இன்னொரு இடமும் கதையில் இருக்கிறது. அங்கேதான் எனக்கு இந்த நாடகத்தோடு சண்டை.

எகிப்தின் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு, தானியம் வாங்க வந்த அண்ணன்களைச் சோதிக்கத் தன் வெள்ளிப் பாத்திரத்தை கடைக்குட்டி பென்யமீனின் சாக்கில் ஒளித்துவைக்கச் சொல்கிறான். பாத்திரம் பிடிபடுகிறது. பென்யமீன் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்கிறான். அண்ணன்களுக்கு இது பழைய பரீட்சை, அதே கேள்வித்தாள். அப்பாவின் செல்லப்பிள்ளையை எகிப்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த முறை பழிகூட இவர்கள் மேல் விழாது.

யூதா முன்னால் வருகிறான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னவன் இவன்தான். நடுவில் தன் இரண்டு மகன்களைப் பறிகொடுத்து, மூன்றாமவனும் போய்விடுவானோ என்று பயந்தவன். 44ஆம் அதிகாரத்தில் அவன் பேசுவது ஆதியாகமத்தின் நீளமான பேச்சுகளில் ஒன்று. அதில் வாதத் திறமை எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறான், அப்பா சொன்னதைச் சொல்கிறான். அப்பா சொன்னது என்ன? என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்பது. ராகேலையும் அவள் பெற்ற யோசேப்பையும் பென்யமீனையும்தான் கணக்கில் வைத்திருக்கிறார். யூதா லேயாளின் மகன். அந்தக் கணக்கில் அவனுடைய அம்மாவும் இல்லை, அவனும் இல்லை. அந்த வாக்கியத்தை முகம் சுளிக்காமல் அந்நியன் ஒருவன் முன்னால் திருப்பிச் சொல்லிவிட்டு, அந்தப் பையனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஓரவஞ்சனை தீர்ந்துவிடவில்லை. அப்பா மாறவில்லை. மாறியது இவன் மட்டும்தான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அழுகிறான்.

நாடகத்தில் இந்த இடத்தில் கலிப்ஸோ. பனைமரம், மரக்காஸ், ஆடிக்கொண்டே பென்யமீன் நல்லவன் என்று சான்றிதழ். சில மேடையேற்றங்களில் யூதாவே முன்னால் நின்று பாடுகிறான். அவனை விட்டுவிட்டு என்னைப் பிடி என்ற பொருள் அரை வரியில் வரத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை, அரங்கமே கைதட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிந்ததும் அண்ணன்கள் திருந்திவிட்டார்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. நாம் அதைப் பார்க்கவில்லை. பொய் அழுகைக்கும் ஒரு வேஷப்பாட்டு, உண்மையான மன்றாட்டுக்கும் ஒரு வேஷப்பாட்டு என்றால், இரண்டுக்கும் நடுவில் என்னதான் நடந்தது?

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். கலிப்ஸோ கோடை விடுமுறைச் சத்தம் கிடையாது. டிரினிடாட்டில் அது ஆள்பவர்களை முகத்துக்கு நேரே கிண்டலடிக்கிற, ஊர் நியாயத்தைப் பேசுகிற வடிவம். லார்ட் கிச்சனர் என்கிற கலிப்ஸோ பாடகர் 1948 ஜூனில் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து வந்து இறங்கினார். வெப்பர் பிறந்த அதே வருஷம். அதிகாரியின் முன்னால் நின்று ஒரு வெளியூர்க்காரன் வழக்காடும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. சரியான வாத்தியத்தைக் கையில் எடுத்துவிட்டு அதைக் கிலுகிலுப்பையாக ஆட்டியிருக்கிறார்கள்.

நாடகம் விட்டுவிட்ட எல்லாவற்றுக்கும் நான் அழவில்லை. கடவுளுக்கு இதில் ஏறக்குறைய வேலையே இல்லை, போகட்டும். 47ஆம் அதிகாரத்தில் யோசேப்பு பஞ்சத்தைப் பயன்படுத்தி ஜனங்களின் பணம், பிறகு மாடு, பிறகு நிலம், கடைசியில் அவர்களையே பார்வோனுக்கு வாங்கிக் கொடுக்கிறான். பள்ளிக்கூடப் பையன்கள் பாட நிலவுடைமை மாற்றம் எதற்கு? அது சரியான வெட்டு. யூதாவின் காட்சியை அவர்கள் வெட்டவில்லை. வைத்துக்கொண்டு சிரிப்பாக்கினார்கள்.

குழந்தைகள் நாடகம்தானே, இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். கனவுகளின் எண் ஜோதிடம் வேண்டுமானால் குழந்தைக்குப் புரியாமல் போகலாம். அவனை அடிக்காதீங்க, என்னை அடிங்க என்பது ஐந்து வயதிலேயே புரியும். வீட்டில் யார் செல்லம் என்பது அதற்கும் முன்பே புரிந்துவிடும். அந்தக் கோரஸில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர், நாளெல்லாம் தம்பியோடும் அக்காவோடும் மல்லுக்கட்டிவிட்டுத்தான் மேடையேறியிருப்பார்கள். அந்த நாடகத்தில் அவர்களுக்கென்று இருந்த ஒரே காட்சி அது.

முடிவில் யோசேப்புக்கு அவனுடைய கோட் திரும்பக் கிடைக்கிறது. பளபளவென்று விரித்துக் காட்டுகிறார்கள், விளக்குகள் எரிகின்றன, மெகாமிக்ஸ் தொடங்குகிறது. ஆதியாகமத்தில் அந்த அங்கி ரத்தத்தோடு யாக்கோபின் கைக்குப் போனதுதான், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அங்கே உடை கொடுப்பவன் யோசேப்பு. ஊருக்குப் போய் அப்பாவை அழைத்துவரக் கிளம்புகிற அண்ணன்கள் ஒவ்வொருவருக்கும் மாற்று உடை கொடுத்து அனுப்புகிறான். பென்யமீனுக்கு மட்டும் ஐந்து, கூடவே 300 வெள்ளிக்காசு. இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.